இரண்டு விரற்கடை ஈரம்

செயற்கைக்கோள் தலைக்கு மேல் கடந்துபோகும் காலைகளில் திம்மப்பன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தோப்பில் போய் நிற்பார்.

அது எந்த நாளில், எந்த நேரத்தில் வரும் என்று அவருக்குச் சொன்னது மகள் பிரவீனாதான். ஓசூரில் பாகலூர் சாலையில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் அவளுடைய அலுவலகம். செயற்கைக்கோள் அனுப்பும் தகவலை வாங்கி, எந்த ஊர் மண்ணில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று வண்ணப் படமாக்கி, விதைக் கம்பெனிகளுக்கும் பயிர்க் காப்பீட்டுக்காரர்களுக்கும் கொடுப்பார்கள். காய்ந்த மண் பழுப்பு. ஈர மண் நீலம். வாரம் முழுக்க ஓசூர் விடுதியில் இருந்துவிட்டு, சனிக்கிழமை சூளகிரியில் இறங்கி, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் ஊருக்கு வருவாள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சனிக்கிழமை, கால் கழுவி உள்ளே வருவதற்குள் அவர் கேட்டார்.

“பாத்துச்சா என்னை?”

“எதுப்பா?”

“உன் சேட்டிலைட்டு. விடிகாலை வரும்னு சொன்னியே. போய் நடுத்தோப்புல நின்னேன்.”

“அது எவ்ளோ உசரத்துல போவுது தெரியுமாப்பா? நீங்கெல்லாம் தெரிய மாட்டீங்க.”

“வெள்ளச் சட்டை போட்டிருந்தேனே.”

அடுப்படியிலிருந்து அம்மா மங்கம்மா குரல் கொடுத்தாள். “ஆமா, பொண்ணு பாக்க வராங்க இவர. இஸ்திரி போடலன்னு நேத்து என்னாண்ட சண்டை வேற.”

பிரவீனா சிரித்தாள். “அது கண்ணால பாக்கறதில்லப்பா. மேல இருந்து ஒரு அலையை அனுப்பும். அது மண்ணுல பட்டுத் திரும்பி வரும். ஈரமா இருந்தா பலமாத் திரும்பும், காஞ்சிருந்தா லேசாத் திரும்பும். அத வெச்சுத்தான் கணக்கு. சட்டை கலரெல்லாம் அதுக்குக் கெடையாது.”

“நான் மரத்தடியில நின்னுட்டேனோ?”

“மரமும் மறைச்சிடும். எலைதான் எங்களுக்குப் பெரிய தொந்தரவு. கீழ மண்ணு தெரியாது.”

“எலை தொந்தரவா?” திம்மப்பன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். “கேட்டியா? எலை தொந்தரவாம்.” அவருக்கு அது பெரிய வேடிக்கையாக இருந்தது. சிரிப்பு இருமலாக மாறி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்த இருமல் கிரானைட் குவாரியிலிருந்து அவருடன் வந்தது. இளமை முழுவதும் அவர் கல் அறுக்கும் இடத்தில் இருந்தார். ஒருநாள் கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இனிமேல் தூசி பக்கமே போகக்கூடாது என்று சொல்லி அனுப்பினார். அவர் குவாரியிலிருந்து நேராக நர்சரிக்குப் போய் மாங்கன்று வாங்கிவந்தார் என்று மங்கம்மா சொல்வாள். கூழ் ஃபேக்டரிக்குப் போகும் பெங்களூரா ரகம். கொல்லை நிலம் முழுக்க வரிசை வரிசையாக நட்டார். மரங்கள் தலைக்கு மேல் வளர்ந்த பிறகு, இருமல் அதிகமாகும் நாட்களில் பாயைச் சுருட்டிக்கொண்டு அங்கே போய்விடுவார். மாமர நிழலில் தனக்கு மூச்சு முழுசாக வருகிறது என்பார். அது மருத்துவப்படி உண்மையா என்று பிரவீனாவுக்குத் தெரியாது. ஆனால் தோப்புக்குள் அவர் இருமி அவள் கேட்டதில்லை.

அந்த வருடம் கோடை மாசியிலேயே வந்துவிட்டது. தோப்பிலிருந்த பழைய போர்வெல் இரண்டும் ஏற்கெனவே வற்றியிருந்தன. இரண்டும் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பவர் காட்டிய இடங்கள். பூ கருகியது. பிஞ்சு பட்டாணி அளவில் உதிர்ந்தது. சித்திரையில் இலைகள் ஓரத்திலிருந்து சுருண்டு, பழுத்த நிறம்கூட இல்லாமல் பச்சையாகவே காய்ந்து விழுந்தன. திம்மப்பன் டிராக்டர் டேங்கரில் தண்ணீர் கொண்டுவந்து மரத்துக்கு இரண்டு குடம் ஊற்றினார். ஊற்றிய இடம் அரை மணி நேரத்தில் வெளுத்தது.

“எலை போனா பரவால்ல,” என்று பிரவீனாவிடம் சொன்னார். “எலை திரும்பி வரும். கெளை காயுதான்னு பாக்கணும். நுனிக்கெளை ஒடிச்சா உள்ள இன்னும் பச்சை இருக்குது. ஆடி வரைக்கும் ஒரு தண்ணி கெடைச்சாப் போதும், பொழைச்சிக்கும்.”

“கெடைக்கலன்னா?”

அவர் அடுத்த மரத்துக்குப் போனார். ஒரு நுனிக்கிளையை ஒடித்து, நகத்தால் பட்டையைச் சுரண்டி, அந்தப் பச்சையை அவளிடம் காட்டினார்.

அந்தச் சமயத்தில்தான் பிரவீனா ஒரு நாள் அலுவலகத்தில் சூளகிரிப் பக்கத்துப் படத்தை வரைந்துகொண்டிருந்தாள். திரை முழுக்கப் பழுப்பு. தென்பெண்ணை மட்டும் கோணல்மாணலாக ஒரு நூல். வேலை முடிந்து கணினியை மூடுவதற்கு முன் அவள் எப்போதாவது செய்வதுபோலத் தன் ஊரைத் தேடி, பெரிதாக்கி, தோப்பைக் கண்டுபிடித்தாள். பழுப்பில் ஒரு பழுப்புச் சதுரம். அதன் கிழக்கு மூலையில், வேலியோரம், சின்னதாக நீலம்.

உலகத்தின் வேறு எந்த மூலையில் அந்த நீலம் இருந்திருந்தாலும் அவள் சந்தேகப்பட்டிருப்பாள். தன் வீட்டு மூலையில் இருந்ததால் சந்தோஷப்பட்டாள். யாரோ வானத்திலிருந்து எட்டிப் பார்த்து, அங்கே மட்டும் ஒரு சொட்டு விட்டுப் போனதுபோல இருந்தது. அதைப் படம் பிடித்து அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். *நம்ம தோப்பு. மேல இருந்து.*

உடனே அவர் கூப்பிட்டார். அவள் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

“மூலையில நீலமா இருக்குதே, நீலம்னா என்னாம்மா?”

“ஈரம்பா.”

“ஈரமா?”

“ஆமாப்பா. பஸ்ஸு வந்திடுச்சு, அப்புறம் பேசறேன்.”

அப்புறம் அவள் பேசவில்லை. அந்த வாரமும் அடுத்த வாரமும் பேசுவதற்கு வேறு விஷயங்கள் இருந்தன. விடுதியில் தண்ணீர் லாரி வரவில்லை. சேலை எடுக்க அம்மா ஓசூர் வரப்போவதாகச் சொன்னாள், பிறகு வரவில்லை.

வைகாசியில் மேலதிகாரி அருள்செல்வி அவளைக் கூப்பிட்டார். அருள்செல்வி ஒரு படத்தைப் பார்க்கும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரைக்கு மிக அருகில் குனிவார், அரிசியில் கல் பொறுக்குபவரைப் போல.

“இது என்ன பிரவீனா? சுத்துவட்டாரமே வறண்டு கெடக்கு, இங்க மட்டும் ஏரி மாதிரி ஒரு புள்ளி. மூணு மாசமா அசையாம அப்படியே இருக்கு. ஈரம்னா ஏறும், எறங்கும். இது ஏன் அசையல?”

“அது எங்க தோப்பு மேடம்.”

“அட. தோப்புல என்ன இருக்கு?”

“ஒண்ணுமில்ல மேடம். மாமரம்தான்.”

“பக்கத்துல?”

பிரவீனாவுக்கு அப்போதுதான் உறைத்தது. பக்கத்தில் குடோன் இருந்தது. பொங்கலுக்குப் பிறகு கட்டினார்கள். ஏதோ வண்டி உதிரி பாகங்கள் அடுக்கி வைப்பதற்காக, தோப்பின் கிழக்கு வேலியை ஒட்டி, அரைப் பனை உயரத்துக்கு, அடி முதல் தலை வரை தகரம். ஒவ்வொரு சனிக்கிழமையும் அவள் அதைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போனாள். அதன் வாட்ச்மேன் அவளைப் பார்த்துத் தலையாட்டுவார். வெயிலில் அந்தத் தகரம் கண்ணைக் கூச வைக்கும். அவள் துப்பட்டாவால் முகத்தை மறைத்துக்கொண்டு நடப்பாள்.

“தகரச் சுவரா?” என்றார் அருள்செல்வி. “அதான். அலை தரையில பட்டு, சுவத்துல பட்டு, போன வழியே மொத்தமாத் திரும்புது. நம்ம கணக்குக்கு பலமாத் திரும்பினா எல்லாம் ஈரம்தான். கட்டடம் இருக்கற எடத்தைக் கணக்குல சேராம மறைக்கறதுக்கு எந்த வரைபடத்தை வெச்சீங்க?”

“பழசு மேடம். ரெண்டு வருசத்துக்கு முந்தினது.”

“அப்ப அங்க குடோன் இல்ல. சரி, விடுங்க, இந்தப் பக்கம் மாசத்துக்கு ஒரு ஷெட்டு மொளைக்குது, யாரு கண்டா. அந்த மூலையை எடுத்துடுங்க.”

பிரவீனா தன் இடத்துக்கு வந்து அந்த மூலையை எடுத்தாள். நீலம் போய் சாம்பல் நிறம் வந்தது. தகவல் இல்லை என்று அதற்கு அர்த்தம். போனை எடுத்துப் பார்த்தாள். சத்தத்தை நிறுத்தி வைத்திருந்ததில், அம்மா பல முறை கூப்பிட்டிருந்தாள்.

“எங்கடி போன?” மங்கம்மாவின் குரலுக்குப் பின்னால் ஏதோ இரைந்தது. “உங்கப்பன் போர் வண்டியக் கூட்டியாந்துட்டாரு. உன்னாண்ட சொல்லக்கூடாதாம். தண்ணி வந்தப்புறம் சொல்லி அசத்தணுமாம். எனக்கு மனசு கேக்கல, அதான் கூப்பிட்டேன்.”

“எங்கம்மா போடறாங்க?”

“நீ சொன்ன எடத்துலதான். குடோன் மூலையில.”

அவள் அப்பாவைக் கூப்பிட்டாள். எடுத்தார். கம்ப்ரசர் சத்தத்துக்கு மேல் அவர் கத்தியது மட்டும் கேட்டது: “நீலத்துலதாம்மா! நீலத்துலதான் போடறோம்!” குரலில் அப்படி ஒரு மகிழ்ச்சி. போன் நின்றுவிட்டது. மறுபடி கூப்பிட்டபோது யாரும் எடுக்கவில்லை.

நெடுஞ்சாலையில் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக நின்றன. பஸ் அவற்றுக்கு நடுவே நகர்ந்தது. சூளகிரி வருவதற்குள் அவள் மனதுக்குள் பல முறை அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தாள். அது தண்ணி இல்லப்பா, தகரம். அது தகரம்பா, தண்ணி இல்ல. எப்படிச் சொன்னாலும் அதன் எடை குறையவில்லை.

தோப்புக்குள் நுழைய வீட்டுப் பக்கமாகச் சுற்றிப் போனபோது பட்டி திறந்து கிடந்தது. அம்மாவின் ஆடுகள் இல்லை. மேயப் போகும் நேரம் அல்ல அது. போர் வண்டிக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று புரிந்தது.

தோப்பின் கிழக்கு மூலை வெள்ளையாக இருந்தது. தூசி மேகமாக எழுந்து, குடோன் தகரத்தில் மோதி, திரும்பி மரங்களின் மேல் இறங்கியது. மிஞ்சியிருந்த இலைகளெல்லாம் மாவு பூசியதுபோல நின்றன. துளையிலிருந்து கல்மாவு பீய்ச்சி அடித்தது. அதற்கு மிக அருகில், துண்டைக்கூட மூக்கில் கட்டாமல், திம்மப்பன் நின்றிருந்தார். தலை, புருவம், மீசை எல்லாம் வெள்ளை. செயற்கைக்கோளுக்காகப் போடும் அந்தச் சட்டையைத்தான் போட்டிருந்தார். முதல் ஈரம் வரும்போது அதைத் தன் கையில் வாங்க வேண்டும் என்று குனிந்து, உள்ளங்கையை நீட்டியபடி நின்றார்.

அவள் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து இழுத்தாள். “அப்பா! தள்ளி வாங்க! தூசி!”

அவர் காதைக் காட்டி, கேட்கவில்லை என்று சைகை செய்தார்.

“அது தண்ணி இல்லப்பா!” என்று அவள் கத்தினாள். “அந்த நீலம்! அது தகரம்! இந்தக் குடோன்!”

அவர் அவள் வாயையே பார்த்தார். பிறகு முகம் மலர்ந்து பலமாகத் தலையாட்டினார். “ஆமாம்மா! ஆமாம்மா! வந்துடும்!”

துளைக்கும் ராடு மாற்றுவதற்காக வண்டியை நிறுத்தினார்கள். சட்டென்று விழுந்த அமைதியில் காது அடைத்தது. வண்டியின் மேற்பார்வையாளர் அன்புமணி, திருச்செங்கோட்டுக்காரர், கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளிடம் வந்தார்.

“நீங்கதானுங்களா அந்த மேடம்? காலையில இருந்து உங்க பேச்சுத்தானுங்க. அங்க பாருங்.”

குடோன் வேலிக் கம்பத்தில் ஒரு அட்டை கட்டித் தொங்கியது. அவள் அனுப்பிய படம். சூளகிரியில் ஏதோ ஜெராக்ஸ் கடையில் கலரில் அச்செடுத்து, லேமினேசன் செய்து, நான்கு மூலையிலும் மஞ்சள், நீலத்தின் நடுவில் குங்குமம் வைத்திருந்தார். கீழே கற்பூரம் எரிந்த கறை.

“பதினஞ்சு வருசமா போர் போடறேனுங்க,” என்றார் அன்புமணி. “தேங்கா பாத்திருக்கேன், வேப்பங்குச்சி பாத்திருக்கேன், கெவுளி சொல்லுச்சுன்னு போட்ட ஆளக்கூடப் பாத்திருக்கேன். மேப்புக்கு சூடம் காட்டினது உங்கப்பா ஒருத்தர்தானுங்க. எங்க வண்டிக்குக்கூட அவ்ளோ பெரிய பொட்டு வெக்கல.”

வேலையாட்கள் சிரித்தார்கள். திம்மப்பனும் சிரித்தார். அவள் தோளில் கை வைத்து எல்லோருக்கும் காட்டினார்.

“இவதான் என் பொண்ணு. அவனவன் கீழ நின்னு தண்ணி பாக்கறான். இவ மேல இருந்து பாக்கறவ.”

இப்போது சத்தமில்லை. இப்போது சொன்னால் கேட்கும். பிரவீனா அந்தக் கையின் கனத்தைத் தோளில் உணர்ந்தாள். கல்மாவு படிந்த விரல்கள். அவருடைய பற்கள் மட்டும்தான் முகத்தில் வேறு நிறமாக இருந்தன.

“எவ்ளோ அடி போயிருக்குது?” என்றாள்.

“எழுநூறு தாண்டியாச்சுங்க. வெறும் பவுடராத்தான் வருது. ஈரம் தட்டினா சேறாக் கக்கும், இன்னும் தட்டல.”

“போதும்பா. நிறுத்திடலாம்.”

“நீயே இப்படிச் சொல்லலாமா?” அவர் உண்மையாகவே அதிர்ந்து போனார். “நீயே காட்டிட்டு, நீயே போதும்னா? நீ போய் அம்மாவோட உக்காரு. அன்பு, ராடு மாட்டுப்பா.”

வண்டி மறுபடி இரைந்தது.

ஆயிரத்து இருநூறு அடியில் அன்புமணி தானாகவே நிறுத்திவிட்டார். கடைசி வரைக்கும் பவுடர்தான். அவர் எதுவும் வேடிக்கையாகப் பேசவில்லை. போகும்போது துளையின் வாயில் ஒரு தட்டைக் கல்லை வைத்து, “புள்ளைங்க விழுந்துடப் போவுது, மூடி போட்டுருங்கண்ணா” என்றார். திம்மப்பனுக்கு அப்போதுதான் இருமல் வந்தது. குனிந்து, முழங்காலில் கை ஊன்றி, நெடுநேரம் இருமினார். தோப்புக்குள் அவர் இருமி அன்றுதான் பிரவீனா முதல்முறையாகக் கேட்டாள்.

மறுநாள் காலையில் அவள் டீ எடுத்துக்கொண்டு போனபோது, அவர் அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு மரங்களை எண்ணிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் அட்டையை இடுப்புக்குப் பின்னால் கொண்டுபோனார், தப்பு செய்து மாட்டிக்கொண்டவரைப் போல.

“கண்டுபிடிச்சுட்டேன் பாப்பா,” என்றார். குரல் கரகரத்தது. “எம்மேலதான் தப்பு. மூணாவது வரிசையில இருந்து எண்ணியிருக்கணும். நான் நாலாவதுல இருந்து எண்ணிட்டேன். ஒரு வரிசை தள்ளிப் போட்டுட்டேன். அதான் தண்ணி படல.”

“இல்லப்பா...”

“ஊர்ல எவனாச்சும் உன் மேப்பப் பத்திப் பேசினா சொல்லு. எங்கப்பனுக்கு எண்ணத் தெரியலன்னு சொல்லு. உன் வேலைக்கு ஒரு கெட்ட பேர் வரக்கூடாது.”

பிரவீனா டீயைக் கல்லின் மேல் வைத்தாள். அது போர் வாயை மூடிய கல். வேறிடம் இல்லை.

“நீங்க சரியாத்தாம்பா எண்ணினீங்க. நான் காட்டினதுதான் தப்பு. அது தண்ணி இல்ல. இந்தக் குடோன் தகரம். அதுல பட்டு அலை பலமாத் திரும்பியிருக்குது. கணக்கு அதை ஈரம்னு எடுத்துக்கிச்சு.”

அவர் குடோனைப் பார்த்தார். காலை வெயில் அதன் மேல் இன்னும் ஏறவில்லை. சாதாரணச் சுவராக நின்றது.

“இதையா?”

“இதைத்தான். அது நெசமான ஈரமா இருந்திருந்தாக்கூட, அடியில தண்ணி இருக்குதுன்னு அர்த்தமில்லப்பா. அது மேல் மண்ணை மட்டும்தான் பாக்கும். ரெண்டு விரக்கடை. அதுக்குக் கீழ அதுக்குத் தெரியாது.”

“ரெண்டு விரக்கடை.” அவர் தன் இரண்டு விரல்களைச் சேர்த்துப் பார்த்தார். கல்மாவு நகக்கண்ணில் இன்னும் இருந்தது. “ரெண்டு விரக்கடைக்கா ஆயிரத்து இருநூறு அடி போனேன்?”

அவள் அழ ஆரம்பித்தாள். “எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேப்பா.”

“கேட்டனேம்மா,” என்றார் அவர். கோபமில்லாமல், அவளுக்கு ஞாபகப்படுத்துவதுபோல. “நீலம்னா என்னான்னு கேட்டேன். ஈரம்னு சொன்னே.”

வாட்ச்மேன் குடோன் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து அவர் டீயை எடுத்துக் குடித்தார். அவளுக்காகத்தான் குடித்தார் என்று அவளுக்குத் தெரிந்தது.

ஆனியில் நுனிக்கிளைகளுக்குள் பச்சை இல்லை. நடுக்கிளைகளை ஒடித்துப் பார்த்தார். பிறகு கத்தி எடுத்துப்போய் அடிமரத்திலேயே கீறிப் பார்த்தார். எல்லாம் ஒரே நிறம். பர்கூரிலிருந்து மர வியாபாரி ஆட்களோடு வந்தார். மாமரம் விறகுக்கு மட்டுமல்ல, கம்பெனிகளுக்குச் சாமான் அனுப்பும் பெட்டி அடிக்கவும் ஆகும் என்றார்.

மங்கம்மா கடைசி வரை தோப்பில் நின்று பார்த்தாள். “எவ்ளோ ஆட்டுப் புழுக்கை போட்டேன் இந்த மரத்துக்கு,” என்று ஒவ்வொரு மரம் விழும்போதும் சொன்னாள். யாரிடம் என்று இல்லாமல் சொன்னாள். பிரவீனா லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். அப்பாவைத் தேடினாள். வீட்டில் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம், குடோனின் மறுபக்க நிழலில், தகரத்தில் முதுகைச் சாய்த்து, தோப்புக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வாட்ச்மேன் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். மரம் அறுக்கும் மெஷின் இரையும்போது தகரம் அதிர்ந்தது. அது அவர் முதுகில் தெரிந்திருக்கும்.

ஆவணியில் மழை வந்தது. மூன்று நாள் விடாமல், ஓசூரில் சர்வீஸ் ரோட்டில் முழங்கால் அளவுக்கு. பாதி வழியில் வண்டிகள் நின்றன. கெலவரப்பள்ளி அணையில் மதகு திறந்ததாகவும், ஆலைக்கழிவு நுரை சாலை வரைக்கும் வந்ததாகவும் பேக்கரியில் பேசிக்கொண்டார்கள். நான்காம் நாள் விடியலில் மழை விட்டிருந்த நேரத்தில் செயற்கைக்கோள் கடந்துபோனது.

அன்றைக்குப் படத்தைப் பார்த்துவிட்டு அருள்செல்வி அவளைக் கூப்பிட்டார். அவருக்குத் தோப்பு வெட்டியது தெரியாது.

“உங்க ஊர்ப் பக்கம் இந்தக் கட்டம் எவ்ளோ சுத்தமா வருது பாருங்க. முன்ன எப்பவும் கலங்கலா இருக்கும். இப்ப மர மறைப்பே இல்ல, வெறும் மண்ணு. அப்படியே உண்மையைச் சொல்லுது. மத்த எடத்தையெல்லாம் இதோட ஒப்பிட்டுப் பாக்கலாம் பிரவீனா.”

“சரி மேடம்,” என்றாள் பிரவீனா.

குடோனை இப்போது சாம்பல் நிறத்தில் சரியாக மறைத்திருந்தாள். அதற்கு இந்தப் பக்கம், முன்பு தோப்பாக இருந்த சதுரம், வேலி முதல் வேலி வரை, ஒரு பிசிறு இல்லாமல் நீலமாக இருந்தது. இவ்வளவு அழகான நீலத்தை அந்த வேலையில் அவள் பார்த்ததில்லை. கை அதைப் படம் பிடித்தது. யாருக்கும் அனுப்பவில்லை.

சனிக்கிழமை வீட்டில் அவர் தானாகக் கேட்டார். இப்போதெல்லாம் இரண்டு வாக்கியத்துக்கு நடுவே மூச்சு வாங்குவார்.

“புதன்கிழமை வந்துச்சில்ல உன் சேட்டிலைட்டு?”

“உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?”

“நீ எழுதிக் குடுத்த தேதியெல்லாம் சொவத்துல ஒட்டி வெச்சிருக்கனே. காட்டு.”

அவள் தயங்கிவிட்டுப் போனைக் கொடுத்தாள். அவர் அதைத் தூர வைத்துப் பார்த்தார், கிட்டே கொண்டுவந்து பார்த்தார். விரலால் அந்தச் சதுரத்தின் நான்கு பக்கத்தையும் சுற்றி வந்தார்.

“இதும் தகரமா?”

“இல்லப்பா. இது தண்ணிதான்.”

“நெசமா?”

“நெசமா.”

மங்கம்மா கதவோரம் வந்து நின்றாள்.

“புதன்கிழமை நான் போய் நின்னேன்,” என்றார் திம்மப்பன். “கொல்லை நடுவுல. இப்பதான் மரம் மறைக்காதே. காலு கணுக்கால் வரைக்கும் பொதைஞ்சு போச்சு, அப்படிச் சேறு. இதுல நான் தெரியறனா பாரு.”

ஆமாம்பா, தெரியறீங்க என்று சொல்வது எவ்வளவு எளிது. ஒரு வார்த்தை. பிரவீனா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். பஸ் எதுவும் வரப்போவதில்லை.

“தெரியலப்பா. ஒரு ஆளு அளவுக்கெல்லாம் அதுல தெரியாது. ஒரு வீடு அளவு இருந்தாத்தான் ஒரு புள்ளி. ஈரம் மட்டும்தான் தெரியுது.”

“எவ்ளோ ஆழம்? அதே ரெண்டு விரக்கடைதானா?”

“அதேதான்.”

அவர் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சுவரைப் பிடித்து எழுந்தார். வெளியே, வெட்டிய அடிக்கட்டைகள் வரிசை வரிசையாக மழையில் கறுத்துக் கிடந்தன. அவர் இரண்டு விரலைச் சேர்த்து ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

“மரத்துக்குப் பத்தாது,” என்றார். “கொள்ளு வெதைக்கப் போதும்.”